மால் கெபாப் கடைகள்: எப்போது போகலாம், எதைக் கேட்கலாம்

மெட்ரோ பயணி:

துருக்கிக்குப் போகிறவர்களுக்கு எல்லாரும் சொல்லி அனுப்பும் அறிவுரை, "மாலில் சாப்பிடாதே, தெருக்கடைக்குப் போ" என்பது. நான் அதைப் பாதிதான் ஒத்துக்கொள்வேன். வேலைக்காக இஸ்தான்புல்லில் இருந்த காலத்தில் என் மதியச் சாப்பாடு பெரும்பாலும் ஷிஷ்லியில் உள்ள ஜெவாஹிர் மாலில்தான். 2005இல் திறந்த மிகப் பெரிய மால். மெட்ரோவில் இறங்கினால் மழையில் நனையாமல் உள்ளேயே போய்விடலாம். ஜனவரி மாதக் குளிரில் இது சின்ன விஷயம் இல்லை.

டோனரைப் பொறுத்தவரை, அதாவது செங்குத்துக் கம்பியில் சுற்றவிட்டுச் சுட்டுச் சீவித் தரும் இறைச்சியைப் பொறுத்தவரை, எந்தக் கடை என்பதைவிட எத்தனை மணிக்குப் போகிறோம் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. காலையில் புதுக் கம்பி ஏற்றுவார்கள். ஊறவைத்த இறைச்சியை மெல்லிய தகடுகளாக அடுக்கி, நடுநடுவே ஆட்டின் வால் கொழுப்பை வைப்பார்கள். கம்பி சுற்றச் சுற்ற அந்தக் கொழுப்பு உருகிக் கீழே இறங்கி மற்ற தகடுகளை நனைக்கும். பன்னிரண்டரை மணிக்கு அக்கம்பக்கத்து அலுவலகங்களில் இருந்து கம்பெனி கொடுத்த உணவு அட்டையோடு ஒரு பெரிய கூட்டம் வந்து நிற்கும். வரிசை நீளமாக இருப்பதால், வெளிப்பக்கம் மொறுமொறுப்பானதுமே சீவி நேராகத் தட்டில் போட்டுவிடுவார்கள். அந்த நேரத்தில் கிடைக்கும் டோனர், நான் தெருக்கடைகளில் சாப்பிட்டதற்கு எந்த விதத்திலும் குறைவில்லை.

இரண்டரை, மூன்று மணிக்கு மேல் கதை மாறிவிடும். ஆள் குறைந்ததும் நெருப்பைத் தணிப்பார்கள். வெந்த பகுதியைச் சும்மா விட்டால் கருகும் என்பதால் சீவி அடித்தட்டில் குவித்துவைப்பார்கள். அப்புறம் யார் வந்தாலும் அதிலிருந்து ஒரு கை அள்ளிப் போடுவதுதான். நல்ல தெருக்கடையில் கம்பி தீர்ந்தால் அன்றைய வியாபாரமும் தீர்ந்தது. மால் இரவு பத்து மணி வரை திறந்திருக்கிறது, கடைக்காரரும் அதுவரை எதையாவது விற்றாக வேண்டும். வேறொரு மாலில் ஒருநாள் இரவு ஒன்பதரைக்குப் போய் மாட்டிக்கொண்டேன். நாராகக் காய்ந்த இறைச்சி, அதை மறைக்க மேலே ஒரு கரண்டி தக்காளிச் சாறு. கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றினார்!

இஸ்கெந்தெர் கெபாப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பூர்சா நகரத்து இஸ்கெந்தெர் எஃபெந்தி குடும்பம் 1867ஐத் தங்கள் கடையின் தொடக்க ஆண்டாகச் சொல்கிறது. அடியில் துண்டு துண்டாக வெட்டிய பிதே ரொட்டி, மேலே டோனர், தக்காளிச் சாறு, ஓரத்தில் கட்டித் தயிர். கடைசியில் கொதிக்கும் வெண்ணெயை மேசைக்கே கொண்டுவந்து ஊற்றுவார்கள். அந்த வெண்ணெய் சடசடவென்று இறங்கும்போதே சாப்பிடத் தொடங்க வேண்டிய உணவு இது. மாலிலோ கவுன்டரில் ஊற்றித் தட்டைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். சனிக்கிழமைக் கூட்டத்தில் தட்டை ஏந்திக்கொண்டு நாற்காலி தேடி முடிப்பதற்குள் ரொட்டி கூழாகிவிடும். ஆகவே, மேசைக்கு வந்து பரிமாறும் கடையாக இருந்தால் மட்டும் இஸ்கெந்தெர் சொல்லுங்கள். இல்லையென்றால் லவாஷ் என்ற மெல்லிய ரொட்டியில் சுருட்டிய டுரும் போதும், நின்றுகொண்டே சாப்பிட்டுவிடலாம். பசி அதிகமா? "பிர் புச்சுக்" என்றால் ஒன்றரைப் பங்கு தருவார்கள். அரைப் பங்குக்குத் தனியாகத் தட்டு வாங்க வேண்டியதில்லை.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கவனிக்க: பலகையில் "தனா" என்று இருந்தால் மாடு, "குசு" என்றால் ஆட்டுக்குட்டி, "தவுக்" என்றால் கோழி. வெறுமனே "எத் டோனர்" என்று இருந்தால் பெரும்பாலும் மாடுதான், அல்லது இரண்டும் கலந்தது. அதானா கெபாப் முறைப்படி ஆட்டிறைச்சியில்தான் செய்ய வேண்டும். ஸிர்ஹ் என்ற பெரிய வளைந்த கத்தியால் கையாலேயே கொத்தி, வால் கொழுப்பும் சிவப்பு மிளகாயும் சேர்த்து, அகலமான இரும்புக் கம்பியில் பிடித்துக் கரியில் சுடுவது. ஆனால் மாலில் எல்லாரும் அப்படிச் செய்வார்கள் என்று நம்பிவிடாதீர்கள், கேட்டுவிட்டே வாங்குங்கள். காரம் வேண்டாம் என்றால் உர்ஃபா கெபாப் இருக்கிறது.

மாமியாரோடு சுற்றியவள்:

அண்ணா, நீங்கள் எழுதியது எல்லாம் சரி, சைவக்காரர்கள் என்ன செய்வார்கள்? என் மாமியாரை அழைத்துக்கொண்டு இஸ்தான்புல் போனேன். முட்டைகூடத் தொட மாட்டார். தெருக்கடைகளில் நாங்கள் அலைந்ததைவிட மாலில்தான் நிம்மதியாக இருந்தது. ஒரே தளத்தில் எல்லாக் கடைகளும் இருப்பதால் நான் என் கெபாப்பை வாங்கிக்கொள்ள, அவருக்குப் பக்கத்துக் கடையில் கும்பிர் கிடைத்தது. பெரிய உருளைக்கிழங்கை அடுப்பில் சுட்டுப் பிளந்து, உள்ளேயே வெண்ணெயும் சீஸும் போட்டு மசித்து, மேலே சோளம், ஆலிவ், ஊறுகாய் என்று நாம் காட்டுவதை எல்லாம் வைத்துத் தருவார்கள்.

கெபாப் கடையில் கிடைக்கும் மசூர் பருப்பு சூப்பும் அவருக்குப் பிடித்திருந்தது. எலுமிச்சை பிழிந்து குடிக்க வேண்டும். ஆனால் சில கடைகளில் எலும்புச் சாறு சேர்ப்பார்கள், ஆகவே "எத் சுயு வார் மி?" (இறைச்சிச் சாறு இருக்கிறதா?) என்று கேட்டுவிட்டே வாங்கினேன். ஒரு கடைக்காரர் "இருக்கிறது" என்று நேர்மையாகத் தலையாட்டினார், நாங்களும் நன்றி சொல்லி நகர்ந்தோம்.

எல்லாவற்றையும்விட அவர் ரசித்தது சீ கெஃப்தே. அது உண்மையில் பச்சை இறைச்சியில் செய்யும் பலகாரம் என்று படித்துவிட்டு அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். இப்போது கடைகளில் விற்பது இறைச்சி இல்லாதது. பச்சை இறைச்சி சேர்த்து விற்க அங்கே தடை. உடைத்த கோதுமையை மிளகாய் விழுது, உர்ஃபா ஊரின் இசோத் மிளகாய்த்தூள் எல்லாம் போட்டு நன்றாகப் பிசைந்து, லவாஷில் கீரையோடு வைத்து, மேலே மாதுளைச் சாறு விடுகிறார்கள். என் மாமியார் "இதில் கொஞ்சம் பெருங்காயம் இருந்தால் நம் ஊர்தான்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை, சண்டையும் போடவில்லை.

ஓபர்ஹவுசன்காரன்:

நான் இருப்பது ஜெர்மனி. எங்கட பக்கத்தில் 1996இல் திறந்த சென்ட்ரோ என்ற பெரிய மால் இருக்கிறது. பிள்ளைகளோடு அங்கே போனால் டோனர் இல்லாமல் வீடு திரும்ப முடியாது. ஆனால் மெட்ரோ பயணி சொல்லும் டோனரும் இங்கே உள்ளதும் வேறு வேறு. ரொட்டிக்குள் இறைச்சியோடு கோவா (முட்டைக்கோஸ்), வெங்காயம், தக்காளி என்று ஒரு தோட்டத்தையே அடைப்பார்கள், மேலே உள்ளி (பூண்டு) சோஸ். "உறைப்பாகவா?" என்று கேட்கும்போது ஆம் என்றால் கொஞ்சம் மிளகாய்த்தூள் தூவுவார்கள், எங்கள் ஆட்களுக்கு அது காணாது. இப்படிக் கையில் பிடித்துச் சாப்பிடும் வகையை 1972இல் மேற்கு பெர்லினில் தொடக்கியவர் காதிர் நூர்மான் என்று பரவலாகச் சொல்வார்கள். வேறு சிலரும் உரிமை கோருகிறார்கள்.

மாலில் வாங்கும்போது நான் பார்ப்பது பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை. இங்கே டோனர் கெபாப் என்று விற்க வேண்டுமென்றால் அரைத்த இறைச்சி 60 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த வரம்புக்குள் வராதவர்கள் "ட்ரேஷ்பீஸ்" என்று எழுதுவார்கள். கம்பியைப் பார்த்தாலும் தெரியும். பக்கவாட்டில் அடுக்கு அடுக்காகத் தகடு தெரிந்தால் நல்லது, சீமெந்துத் தூண் மாதிரி வழுவழுப்பாக நின்றால் அரைத்ததுதான் கூட. மலிவாக விற்கும் கடைகளில் பெரும்பாலும் இந்தத் தூண்தான். கோவில் திருவிழாக் காலத்தில் விரதம் என்றால் கொண்டைக்கடலை வடையான ஃபலாஃபெல் வைத்த டுரும் இருக்கிறது, அதற்கும் அதே கோவா, அதே சோஸ். சோஸில் முட்டை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், மயோனைஸ் கலக்கும் கடைகள் உண்டு.

மெட்ரோ பயணி:

தங்கச்சி, கும்பிரை நான் மறந்தே போனேன், நன்றி. உங்கள் மாமியாரை அடுத்த முறை ஷல்காம் குடிக்கச் சொல்லுங்கள். கறுப்புக் கேரட்டைப் புளிக்கவைத்து எடுக்கும் ஊதா நிறச் சாறு, உப்பும் புளிப்புமாக இருக்கும், அதானா ஊர்க்காரர்கள் கெபாப்போடு இதைத்தான் குடிப்பார்கள். காரமானது வேண்டுமென்றால் "அஜிலி" என்று சொல்ல வேண்டும். அய்ரான் என்ற உப்பு மோர் வாங்கும்போது, மூடி ஒட்டிய பிளாஸ்டிக் கோப்பையை விட்டுவிட்டு, நுரை பொங்க ஊற்றித் தரும் திறந்த அய்ரான் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓபர்ஹவுசன் அண்ணாவுக்கு ஒரு கேள்வி: உங்கள் பக்கம் டோனரை ரொட்டி இல்லாமல், சோற்றோடு தட்டில் தரும் கடை இருக்கிறதா? அடுத்த மாதம் டுசெல்டார்ஃப் வர வேண்டியிருக்கிறது. மதிய நேரத்தில்தான் வருவேன்.