ஹர்லிங்: ஓடிக்கொண்டே பந்தை எடுக்க வரவில்லை

அயர்லாந்தின் கில்கென்னிக்குக் குடிவந்த பிறகு 3 மாதமாக, மட்டையும் சிறு பந்தும் கொண்டு அணிகளாக ஆடும் இந்த ஊர் விளையாட்டான ஹர்லிங் பழகுகிறேன், வயது 34. தரையில் கிடக்கும் பந்தைக் கையால் நேராக எடுக்கக் கூடாது, மட்டையால் எழுப்பித்தான் பிடிக்க வேண்டும் என்பது விதி. நின்ற இடத்தில் பத்துக்கு எட்டு வருகிறது. ஓடினால் பந்து முன்னே நழுவிவிடுகிறது, இல்லை மட்டை புல்லில் குத்தி நிற்கிறது. 36 அங்குல மட்டையை விட்டு 34க்கு மாறினேன், முழங்காலை நன்றாக மடக்கிக் குனிந்து பார்த்தேன், ஈரமில்லாத திடலிலும் முயன்றாயிற்று. அப்புறம்தான் கவனித்தேன், அவசரத்தில் இடதுகை மேலே போய்விடுகிறது, எல்லாம் பள்ளிக்கால கிரிக்கெட் பழக்கம்! இங்கே வலதுகைக்காரருக்கு வலதுகைதான் கைப்பிடியின் மேல்முனையில் இருக்க வேண்டும். கிரிக்கெட்டிலிருந்து இதற்கு வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், ஓடும்போதும் அந்தப் பிடி தானாக வர என்ன பயிற்சி செய்தீர்கள்?