கல்யாண ஆல்பத்தில் என் மகளை வெளுப்பாக்கிவிட்டார்கள். அவளிடம் என்ன பேசுவது?

தென்காசி அம்மா:
மகள் ஒன்பதாம் வகுப்பு. அப்பா ஜாடை, அப்பா நிறம். போன மாசம் என் தங்கை கல்யாண ஆல்பம் வந்தது. பாவாடை தாவணியில் சித்தி பக்கத்தில் நிற்கிற படத்தில் இவள் முகம் மட்டும் கோதுமை நிறம். கையைப் பார்த்தால் பழைய நிறம் அப்படியே இருக்கிறது. ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், "நான் நெசமாவே இப்படி இருந்தா நல்லாருக்கும்லாம்மா" என்றாள்.

அன்றிலிருந்து ஃபில்டர் போடாமல் அவளைப் படம் எடுக்க முடியவில்லை. நேற்று ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் லேபிள் இல்லாத ஒரு கிரீம் டப்பா. தோழி கொடுத்தாளாம், பத்து நாளாகப் போடுகிறாளாம். "நீ அழகாத்தானே இருக்கே" என்றால், "நீ அம்மா, அப்படித்தான் சொல்லுவே" என்கிறாள். திட்ட மனசு வரவில்லை. அவள் வயசில் கடலை மாவும் கையுமாகக் கண்ணாடி முன்னால் நின்றவள்தான் நானும்.

மருந்துக்கடைக்காரர்:
அக்கா, முதலில் அந்த டப்பா. இப்படிப் பெயரில்லாமல் கைமாறுகிற கிரீம்களில் பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால் மாதிரி ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். ஆரம்பத்தில் முகம் பளிச்சென்று ஆகும், அதை நம்பித்தான் பிள்ளைகள் தொடர்ந்து போடுகிறார்கள். போகப் போகத் தோல் மெலிந்து, சிவந்து, பரு வந்து, முகத்தில் முடிகூட முளைக்கும். சிலவற்றில் பாதரசம் இருக்கும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளாவில் மலப்புரம் மாவட்டத்திலேயே வெளுக்கும் கிரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்ததை டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள். பிள்ளையோடு சேர்த்துத் தோல் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஆல்பம் டிசைனர்:
அம்மா, 14 வருஷமாக இந்த வேலையைச் செய்கிறவன் நான். உங்கள் மகள் படத்தில் என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன், அவளையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்.

நம் தோல் நிறம், கறுப்போ சிவப்போ, எடிட்டிங் சாஃப்ட்வேரில் பெரும்பாலும் ஆரஞ்சு என்கிற ஒரே ஸ்லைடருக்குள் (இழுத்து ஏற்றி இறக்குகிற பட்டை) அடங்கிவிடும். அதன் வெளிச்சத்தை ஏற்றி அடர்த்தியைக் குறைத்தால் மண்டபத்தில் இருக்கிற அத்தனை பேரும் ஒரு விநாடியில் வெளுத்துவிடுவார்கள். கூடவே நகையும் மாலையில் இருக்கிற செவ்வந்தியும் வெளிறும். அதனால்தான் சில ஆல்பங்களில் தங்கம் பித்தளை மாதிரி தெரிகிறது. உங்கள் படத்தில் கை மாறவில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் முகத்தை மட்டும் செலக்ட் செய்து ஏற்றியிருக்கிறார்கள், கையை விட்டுவிட்டார்கள். அடுத்தது தோலை வழவழப்பாக்குவது. பரு, தழும்பு, மச்சம் எல்லாம் அதில் போய்விடும்.

ஏன் செய்கிறோம்? "பொண்ணு கறுப்பா விழுந்திருக்கு" என்று ஆல்பத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. அந்தப் பயத்தில் யாரும் கேட்காமலேயே எல்லாருக்கும் செய்யப் பழகிவிட்டோம். உங்கள் மகள் சொன்னதை வாசித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. கல்யாணப் பெண்ணை மட்டும்தான் யோசித்திருக்கிறேன். பக்கத்தில் நிற்கிற 14 வயசுப் பிள்ளை அந்தப் படத்தை எப்படிப் பார்க்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

ஸ்டுடியோவில் ஒரிஜினல் ஃபைல் இருக்கும். அவளைக் கூட்டிப்போய் மவுஸை அவள் கையிலேயே கொடுக்கச் சொல்லுங்கள். அறிவுரை வேண்டாம், பார்க்கட்டும்.

விஸ்காம் மாணவி, திருச்சி:
விளம்பரத்தையும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள் அம்மா. ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் வந்தது, 2020இல்தான் பெயரை குளோ அண்ட் லவ்லி என்று மாற்றினார்கள். கறுப்பாக இருப்பவர்களை அழகில்லாதவர்களாக, சோகமானவர்களாகக் காட்டக்கூடாது என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு 2014இல் விதி கொண்டுவந்தது. டியூப் மேல் இருந்த 'சிவப்பழகு' இப்போது 'பொலிவு'. முகம் படிப்படியாக வெளுக்கிற படம் மட்டும் பல விளம்பரங்களில் இன்னும் இருக்கிறது. என் தங்கையும் நானும் சீரியல் இடைவேளையில் 'இந்தப் பொண்ணு மேல லைட் எங்கேருந்து வருது' என்று தேடுவோம். இப்போது அவளே முந்திக்கொண்டு சொல்கிறாள்.

இன்ஸ்டாகிராமைப் பற்றியும் ஒன்று. தன் உடம்பை நினைத்து ஏற்கெனவே வருந்துகிற பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்குகிறது என்று சொன்னதாக அந்தக் கம்பெனியின் உள் ஆய்விலேயே இருந்தது, 2021இல் வெளியே வந்தது. பாப்பாவிடம் சொல்லுங்கள், அவளுக்கு மட்டும் இப்படித் தோன்றவில்லை.

தென்காசி அம்மா:
எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோவுக்குப் போனோம். அங்கே இருந்த தம்பி ஒரிஜினலையும் ஆல்பம் படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்தார். இவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அண்ணா, என் மச்சம் எங்கே?" என்றாள். இடது காதோரம் கடுகளவு மச்சம் ஒன்று உண்டு, அவள் ஆச்சிக்கும் அதே இடத்தில். ஆல்பத்தில் அது இல்லாததை நான்கூடக் கவனிக்கவில்லை.

அந்தத் தம்பி படத்தின் மேல் செய்த மாற்றங்களை ஒவ்வொரு லேயராக எடுத்தார். மச்சம் வந்தது, புருவத்துத் தழும்பு வந்தது. கடைசியில் முகத்து வெளிச்சத்தை எடுக்கப் போனபோது, "அது கொஞ்சம் இருக்கட்டும்ண்ணா" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்லைடரை அவளே பாதிக்கு இறக்கினாள்.

வியாழக்கிழமை தோல் டாக்டரிடம் போகிறோம், டப்பா என் பையில்தான் இருக்கிறது. மச்சம் உள்ள படத்தை ஆச்சிக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறாள்.