மதினி நாவல் உரிமை பத்தி வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம், அம்பாசமுத்திரத்துல இருந்து எழுதுதேன். எங்க மதினி பதினோரு வருசமா குடும்ப நாவல் எழுதுதாவ, பொம்பளைங்க கதைன்னு சிலபேர் ஒதுக்குவாங்க, ஆனா இங்க பீடி சுத்துற அக்காமாரு ராத்திரி தட்டை கீழ வச்ச பொறவு போன்ல படிச்சுட்டு அடுத்த அத்தியாயம் எப்போன்னு கேக்குதாவ, அது லேசுப்பட்ட விசயமா?

2019ல ஒரு பதிப்பகம் ஒரு நாவலுக்கு மொத்தமா 8000 ரூவா குடுத்துச்சு, எதுலயும் கையெழுத்து வாங்கல. இப்போ அதை அமேசானோட மின்னூல் கடையான கிண்டில்ல போடலாம்னா, உரிமை எங்களுக்குத்தான்னு அந்த பதிப்பகத்துக்காரவிய சொல்லுதாவ. 1957 பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவுல உரிமையை மாத்திக் குடுக்க எழுத்துல கையெழுத்து வேணும்னு இருக்கு, எத்தனை வருசத்துக்குன்னு அதுல போடலன்னா 5 வருசம்தான். இதை வச்சு அவியளுக்கு லெட்டர் எழுதுனவங்க இருந்தா மாதிரி ஒண்ணு அனுப்புங்களேன்.

இன்னொண்ணு, வாசகருங்க சந்தா கட்டிப் படிக்கிற கிண்டில் அன்லிமிடெட்ல சேத்தா படிச்ச பக்கத்துக்கு காசு வரும், ஆனா 90 நாளைக்கு அந்த மின்னூல் வேற எங்கயும் இருக்கக்கூடாது, இப்போ அத்தியாயம் போடுற கதை ஆப்ல வாராவாரம் காத்துக் கெடக்குறவங்களை விட்டுட்டு வர மதினிக்கு மனசே இல்ல. ஆப், கிண்டில் ரெண்டையும் வச்சிருக்கவிய எப்படி சமாளிக்கிய? அடுத்த மாசம் மவளுக்கு காலேஜ் பீஸ் கட்டணும், அதான் அவசரமா கேக்குதேன்.