சிவப்பு ரயில் பெட்டியின் கம்பெனி பெயின்டை எடுப்பது எப்படி? எழுத்தின் தடம் போக மாட்டேன் என்கிறது

கேள்வி (குன்னூர்)

எல்லோருக்கும் வணக்கம். 1:87 அளவில், 12 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் பிளாஸ்டிக் மாடல் பெட்டிகள் சில என்னிடம் இருக்கின்றன. ஸ்விட்சர்லாந்தின் ரேட்டிய ரயில்வே பெட்டிகளின் மாதிரி. பளிச்சென்ற சிவப்பு, பக்கவாட்டில் அந்த ஊர் எழுத்தும் எண்களும். இவற்றை நம் நீலகிரி மலை ரயிலின் நீலம், கிரீம் நிறத்துக்கு மாற்ற ஆசை. அசலில் இரண்டு ரயில்களுமே 1000 மி.மீ. மீட்டர் கேஜ். நம் எக்ஸ் கிளாஸ் என்ஜின்களும் முதலில் அதே நாட்டின் வின்டர்தூரிலிருந்துதான் வந்தன. பெட்டியின் வடிவம் அப்படியே பொருந்தாது என்று தெரியும். நிறமாவது குன்னூர் ஸ்டேஷனில் நிற்கிற பெட்டி மாதிரி வர வேண்டும்.

ஒரு பெட்டியைக் கழற்றி 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். சமமான இடங்களில் சிவப்பு தோல் தோலாக உரிந்து வந்தது. ஜன்னல் சட்டங்களின் ஓரத்திலும் கதவு இடுக்கிலும் அசையவே இல்லை. எழுத்து இருந்த இடத்தில் மங்கலான தடம் இருக்கிறது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் இப்போதும் வாசிக்கலாம். இதன் மேல் கிரீம் அடித்தால் தெரியுமா?

இன்னொன்று. பழுப்பு நிறச் சரக்கு வேகன் ஒன்று இருக்கிறது. அதில் நிறம் அப்படியே இருக்க வேண்டும், எழுத்து மட்டும் போக வேண்டும். வழி உண்டா?

ஹார்டுவேர் கடையில் கேட்டால், தின்னர் போட்டால் ஐந்து நிமிஷ வேலை என்கிறார்கள்.

பதில் (ஊட்டி)

தம்பி, தின்னர் பக்கமே போக வேண்டாம். கடையில் கிடைக்கும் என்.சி. தின்னரில் டொலுவீன், அசிட்டோன் மாதிரியான சரக்கு இருக்கும். அது பெயின்டோடு சேர்த்துப் பெட்டியையும் கரைத்துவிடும். இந்த மாடல்கள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் அல்லது ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், இரண்டுமே அசிட்டோனுக்குத் தாங்காது. நெயில் பாலிஷ் ரிமூவரும் அதே கதைதான்.

நான் மொபைல் சர்வீஸ் வேலை பார்க்கிறேன். போர்டு துடைக்க நாங்கள் வாங்குவது 99 சதவீத ஐ.பி.ஏ., அதாவது நீங்கள் போட்ட அதே ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். உங்கள் ஊர் மொபைல் கடையில் கேட்டால் எங்கே வாங்குகிறார்கள் என்று சொல்வார்கள். 70 சதவீதத்தில் மீதி தண்ணீர், அதனால் வேகம் குறைவு. நம் குளிரில் இன்னும் குறைவு. 99-க்கு மாறினாலே இடுக்குகளில் பாதி பிரச்சினை தீரும். மெடிக்கல் ஷாப் ஸ்பிரிட் வாங்கினால் லேபிளைப் படியுங்கள், எல்லாவற்றிலும் ஒரே சரக்கு இருப்பதில்லை. சானிடைசர் ஜெல் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. ஐ.பி.ஏ. ஆவி சுமார் 12 டிகிரி வெப்பத்திலேயே தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். குளிராக இருக்கிறதே என்று நம்பக் கூடாது. கணப்போ ஹீட்டரோ எரிகிற அறையில் இந்த வேலையே கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

பதில் (கோத்தகிரி)

ஊட்டிக்காரர் சொன்னது சரி. மேலே கொஞ்சம் சேர்க்கிறேன். இந்த வேலையை நான் நிறையச் செய்கிறேன்.

ஊறப்போடும் முன் ஜன்னல் கண்ணாடியைக் கழற்றினீர்களா? அந்த ஒளிபுகும் பிளாஸ்டிக் ஆல்கஹாலில் நுண்ணிய விரிசல் விட்டு மங்கிப்போகும், திரும்ப வராது. சக்கரம், கப்ளிங், உள்ளே எடைக்கு வைத்திருக்கும் இரும்புத் தகடு எல்லாமே வெளியே வர வேண்டும். தகடு உள்ளேயே இருந்தால் துரு பிடித்து, அந்தக் கறை பிளாஸ்டிக்கில் ஏறிவிடும்.

ஐ.பி.ஏ. பாலிஸ்டைரீனைக் கரைப்பதில்லை. பெயின்ட் படலத்துக்குள் புகுந்து அதை உப்பவைக்கிறது, அதனால்தான் உங்களுக்குத் தோலாக உரிந்தது. ஆகவே அழுத்தித் தேய்ப்பதில் பலன் இல்லை. அவகாசம் கொடுத்து, மறுபடி ஊறவைத்து, உப்பியதும் எடுக்க வேண்டும். மூடி இறுகிய கண்ணாடி ஜாடியில் பெட்டி முழுக்க மூழ்கட்டும். அரை மணிக்கு ஒரு தடவை எடுத்து ஒரு மூலையை விரலால் தள்ளிப் பாருங்கள். சிலது ஒரு மணி நேரத்தில் விடும், சிலதுக்கு ராத்திரி முழுக்க வேண்டும். அதற்கு மேல் நாள்கணக்கில் போட்டு வைக்காதீர்கள், சில பிளாஸ்டிக் மொறமொறப்பாகிவிடும்.

ஜன்னல் ஓரத்துக்கு டூத் பிரஷ் பெரிது. பல்குத்தும் மரக்குச்சியின் முனையை லேசாகக் கடித்தால் நார் பிரிந்து சின்ன பிரஷ் மாதிரி ஆகும். அதை ஐ.பி.ஏ.வில் நனைத்து, சட்டத்தின் ஓரமாக ஒரே திசையில் இழுங்கள். ஊசியோ பிளேடோ எடுத்தால் கோடு விழும், அந்தக் கோடு புது பெயின்டில் நன்றாகத் தெரியும்.

தடத்துக்கு வருகிறேன். கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் அந்த இடத்தைக் குறுக்கே வருடுங்கள். நகத்தில் எதுவும் தட்டவில்லை என்றால் அது வெறும் கறை, சிவப்புச் சாயம் பிளாஸ்டிக்கில் இறங்கியது. பிரைமர், அதாவது முதல் அடிப்பூச்சு, மறைத்துவிடும். மேடு தட்டினால் எழுத்துக்கு அடியில் பெயின்ட் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். எழுத்தை அச்சிடும் மை பெயின்டைவிட முரட்டுத்தனமானது, தன் அடியில் இருப்பதைக் காப்பாற்றி வைத்திருக்கும். அந்த இடத்துக்கு மட்டும் ஐ.பி.ஏ.வில் நனைத்த பஞ்சை ஒட்டிவைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி ஊறவிடுங்கள். அப்புறமும் நின்றால் 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் சோப்புத் தண்ணீர் தொட்டு, வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் தேயுங்கள். மேட்டைத் தேய்க்காமல் பிரைமர் அடித்தால் எத்தனை கோட் போட்டாலும் எழுத்து தெரியும்.

பதில் (கேத்தி)

ஸ்டிக்கர் பசையை எடுக்க நாங்கள் வீட்டில் நீலகிரி தைலம்தான் போடுவோம், சுத்தமாகப் போய்விடும். எழுத்துக்கும் அதையே தொட்டுத் துடைக்கலாமே? நம் ஊரில் எங்கும் கிடைக்கிறது.

பதில் (கோத்தகிரி)

வேண்டாம் அண்ணா. கண்ணாடிப் பாட்டில், இரும்பு என்றால் தைலம் அருமையான சரக்கு. பாலிஸ்டைரீனை அது இளக்கும். ஒரு தெர்மகோல் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், குழி விழும். தெர்மகோலும் பாலிஸ்டைரீன்தான், காற்று ஊதிப் பெருக்கியது. பெட்டியில் பட்டால் உடனே ஓட்டை விழாது, ஆனால் மேற்பரப்பு பிசுபிசுத்து ரிவெட் புள்ளிகள் மழுங்கும்.

பதில் (வெலிங்டன்)

அந்தக் காலத்திலிருந்து பழைய மாடல்காரர்கள் பயன்படுத்துவது பிரேக் ஆயில். டாட் 3 வகை, சிலிகான் கலந்த டாட் 5 அல்ல. ஐ.பி.ஏ.வுக்கு மசியாத பெயின்டைக் கூட அது எடுக்கும். கையுறை அவசியம். தம்பிக்கு வேறு வழியில்லை என்றால் முயற்சி செய்யலாம்.

பதில் (கோத்தகிரி)

ஐயா, எடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் சில பிளாஸ்டிக்கை உடையும் பதத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. அதைவிட, முடிந்தபின் அதை எங்கே கொட்டுவது? நம் வீட்டுச் சாக்கடை ஓடையில் சேர்ந்து, ஓடை பவானிக்குப் போகிறது. ஐ.பி.ஏ. என்றால் ஒரு ராத்திரி அசையாமல் வைத்தால் பெயின்ட் அடியில் படியும், மேலே இருப்பதைத் துணியில் வடிகட்டி அடுத்த பெட்டிக்கே பயன்படுத்தலாம். அடி மண்டியைப் பழைய பேப்பரில் கொட்டி வெளியே காயவைத்துக் குப்பையில் சேர்த்துவிடலாம். இந்தப் பெட்டி ஐ.பி.ஏ.வுக்கே மசிந்திருக்கிறதே, அதைத் தாண்டிப் போகத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

வேகனுக்கு: எழுத்து மட்டும் என்றால் ஊறவைக்கவே கூடாது. பட்ஸை ஐ.பி.ஏ.வில் நனைத்துப் பிழிந்து, கிட்டத்தட்ட உலர்ந்த பதத்தில் ஒரு எழுத்தின் மேல் மட்டும் சில நொடி வையுங்கள். எடுத்துவிட்டு, கூர் மழுங்கிய மரக்குச்சியால் எழுத்தைச் சுரண்டுங்கள். வெள்ளை தூளாக வரும். பட்ஸில் பழுப்பு ஏறினால் உடனே நிறுத்திக் காயவிடுங்கள். முதலில் கண்ணுக்குப் படாத அடிப்பக்கத்தில் ஏதாவது எண் அச்சிட்டிருந்தால் அதில் பழகிக்கொள்ளுங்கள். எழுத்து போன இடம் பளபளவென்று வேறாகத் தெரியும், முழு வேகனுக்கும் மேட் கிளியர் (பளபளப்பும் நிறமும் இல்லாத பூச்சு) ஒரு கோட் அடித்தால் ஒன்றாகிவிடும்.

கேட்டவர் (குன்னூர்)

அக்கா, ரொம்ப நன்றி. 99 சதவீதம் மொபைல் கடை மூலமாகக் கிடைத்தது. இடுக்குகள் எல்லாம் வந்துவிட்டன. நகத்தில் ஒரு பக்கம் மேடு தட்டியது, பஞ்சு வைத்ததில் இறங்கிவிட்டது. மறுபக்கம் வெறும் இளஞ்சிவப்புக் கறை. வேகனில் வரிசை எண் போய்விட்டது, பழுப்பு அப்படியே இருக்கிறது. இனி பெயின்ட். இங்கே மத்தியானம் ஆனால் பனிமூட்டம் வந்துவிடுகிறது, ஸ்ப்ரே அடிக்கலாமா?

பதில் (ஊட்டி)

மூட்டத்தில் அடிக்காதீர்கள். ஈரக்காற்றில் லாக்கர் ஸ்ப்ரே வெள்ளை பூத்துவிடும். உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை, அது முடிந்து தை, மாசியில் வெயில் ஏறிய காலை வேளை நல்லது. அவசரம் என்றால் ஏர்பிரஷ்ஷில் அக்ரிலிக். ஸ்ப்ரே டப்பா சில்லிட்டிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள், கொதிநீரில் கூடவே கூடாது.

பதில் (கோத்தகிரி)

அதற்கு முன் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். கதவு இடுக்கில் ஈரம் ஒளிந்திருக்கும். சிவப்புக் கறை இருப்பதால் முதலில் சாம்பல் பிரைமர், அதன் மேல் மெல்லிசாக வெள்ளை. அப்புறம் கிரீம். அது நன்றாக இறுகியபின் டேப் ஒட்டி நீலம். நீலத்தை முதலில் அடித்தால் மேலே போடும் கிரீம் அழுக்காகத்தான் தெரியும். டேப் ஒட்டியதும் அதன் விளிம்பில் மறுபடி கிரீமையே ஒரு கோடு அடியுங்கள். கசிவதாக இருந்தால் கிரீமே கசிந்து அடைத்துக்கொள்ளும், நீலம் உள்ளே போகாது.