ஆர்-22 ஏசியில் ஆர்-32 கேஸ் போடலாமா? மெக்கானிக் சொல்வது சரியா?

ஸ்ரீரங்கம்வாசி கேட்டது:

அம்மா படுக்கும் அறையில் 2013-ல் வாங்கிய ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி இருக்கிறது. மூன்று கோடையாக இதே பாடுதான். சித்திரை பிறந்ததும் கூலிங் போய்விடும், மெக்கானிக் வருவார், "கேஸ் இல்ல சார்" என்று நிரப்பிவிட்டுப் போவார். இந்தத் தடவை வந்தவர் புதிதாக ஒன்று சொன்னார். "இதுல இருக்குற கூலிங் கேஸ் ஆர்-22 சார், கவர்மென்ட் தடை பண்ணிட்டாங்க. ஆர்-32 போட்டுடலாம், 3,500 ரூபா ஆகும்."

மைத்துனரோ பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கச் சொல்கிறார். கூடவே, ஆர்-32-ஐயும் சீக்கிரம் தடை செய்துவிடுவார்கள் என்று ஒரு பயத்தையும் கிளப்பிவிட்டுப் போயிருக்கிறார்.

அவுட்டோரில் ஒட்டியிருக்கும் தகட்டைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். பாதி எழுத்து வெயிலில் அழிந்துவிட்டது. 'ஆர்-22, 1.05 கிலோ' என்பது மட்டும் தெரிகிறது. அம்மாவுக்கு 81 வயது. நடுராத்திரியில் வேர்த்துப்போய் எழுந்து உட்கார்ந்திருக்கிறார். என்ன செய்வது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மதுரை ஏசி மெக்கானிக்:

சார், 19 வருஷமா இந்த வேலைதான் பாக்குறேன். முதல்ல அந்த ஆர்-32-ஐ உங்க மெஷினுக்குள்ள விட வேண்டாம்னு சொல்லிடுங்க. அதோட பிரஷர் ஆர்-22-ஐ விட ஒன்றரை மடங்குக்கும் மேல. உங்க காயில், கம்ப்ரஸர் எதுவும் அதுக்காகச் செஞ்சது இல்ல. உள்ள இருக்குறது மினரல் ஆயில், அது ஆர்-32-ல கரையாது. கேஸோட போன ஆயில் சரியா திரும்பி வராம கம்ப்ரஸர் காஞ்சு ஜாம் ஆகும். போதாததுக்கு ஆர்-32 லேசா தீப்பிடிக்கிற கேஸ்.

இன்னும் சிலபேர் ஹைட்ரோகார்பன் கேஸ்னு ஒண்ணு போட்டுக் குடுப்பாங்க. பெரும்பாலும் புரொப்பேன்தான். கூலிங் நல்லாவே வரும், அதுனாலதான் ஜனங்க ஏமாந்துபோறாங்க. சமையல் கேஸ் சிலிண்டர்ல இருக்குற அதே இனம் சார் அது. புரொப்பேனுக்குன்னே செஞ்ச ஏசி தனி. லீக் இருக்குன்னு தெரிஞ்ச உங்க மெஷின்ல அதை நிரப்பி, அம்மா தூங்குற ரூம்ல ஓட விடலாமா?

தடை விஷயத்துக்கு வர்றேன். வீட்டுல ஓடுற ஆர்-22 ஏசியை யாரும் நிறுத்தச் சொல்லல. ஓசோனைக் காப்பாத்த 1987-ல போட்ட மாண்ட்ரியல் ஒப்பந்தத்துலதான் ஆர்-22 வருது. 2024 டிசம்பர் 31-ஓட நம்ம நாட்டுல புது மெஷின் தயாரிக்க ஆர்-22 போடுறது நின்னாச்சு. ஆர்-22 இனத்துக் கேஸ்களோட மொத்த உபயோகம் நம்ம நாட்டுல 2009, 2010 ரெண்டு வருஷச் சராசரியில இருந்து 2025-ல 67.5 சதவீதம் குறையணும். 2030-ல கிட்டத்தட்ட நிறுத்திடணும். பழைய மெஷின் சர்வீஸுக்காக மட்டும் அந்தப் பழைய அளவுல வருஷத்துக்குச் சராசரியா 2.5 சதவீதம் 2040 வரைக்கும் விட்டுவெச்சிருக்காங்க. அதனால இப்பவும் கேஸ் கிடைக்கும். வரத்து குறையக் குறைய விலை ஏறும், அவ்வளவுதான்.

எனக்கு வருத்தம் வேற ஒண்ணுல. மூணு வருஷம் மூணு பேர் வந்திருக்காங்க, ஒருத்தராவது லீக்கைத் தேடினாரா? கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ற சாமான் இல்ல சார். குறைஞ்சா எங்கேயோ ஓட்டை இருக்கு. இண்டோர் பின்னாடி பைப் சேர்ற ஃப்ளேர் நட்டைப் பாருங்க. கேஸ் கசியுற இடத்துல ஆயிலும் கசியும், அதுல தூசி ஒட்டிக் கருப்பா பிசுபிசுன்னு இருக்கும். அங்கதான் லீக்னா பிழைச்சீங்க. பைப்பை வெட்டி மறுபடி ஃப்ளேர் அடிச்சு, அதாவது முனையை விரிச்சு, நைட்ரஜன்ல பிரஷர் வெச்சுப் பாத்து, உள்ள இருக்குற காத்தை வேக்யூம் இழுத்து, ஆர்-22-ஐ எடை போட்டு நிரப்பச் சொல்லுங்க. காயிலே அரிச்சுப்போயிருந்தா இந்த மெஷினுக்கு இனி காசு செலவழிக்காதீங்க.

கோவையிலிருந்து:

அண்ணா, மாத்தறதுன்னு முடிவானா ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க. போன வருஷம் நாங்க மாத்துனப்ப, வந்த பசங்க பழைய பைப்பைச் சடார்னு வெட்டிட்டாங்க. உஸ்ஸுனு ஒரே வெண்புகை, ரெண்டு நிமிசத்துல கேஸ் பூராவும் போயிருச்சு. பால்கனி துளசி மேல பனி மாதிரி படிஞ்சிருந்துச்சுங்க. அப்புறமா படிச்சப்பதான் தெரிஞ்சது, ஒரு கிலோ ஆர்-22 காத்துல கலந்தா 1.8 டன் கார்பன் டை ஆக்சைடு விட்ட மாதிரி பூமி சூடாகுமாம். ஓசோனுக்கும் கேடு. இப்ப நினைச்சாலும் மனசு கேக்கல. கம்ப்ரஸர் ஓடுற மெஷின்னா பம்ப் டவுன் பண்ணி கேஸை அவுட்டோருக்குள்ளயே பூட்டி எடுக்கலாம். அதை முன்னாடியே கேட்டு வாங்கிக்கங்க. பழைய பைப்புலயே புது ஏசியை மாட்டறேன்னாலும் விடாதீங்க, உள்ள பழைய ஆயில் இருக்கும்.

ஆர்-32 பத்திப் பயப்பட வேண்டாம்ங்க. அது மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு வந்த கிகாலி திருத்தத்துல வர்றது, பூமியைச் சூடாக்கற இந்த மாதிரி கேஸ்களைக் குறைக்கறதுக்கு. 2016-ல போட்டது, 2021-ல நம்ம நாடும் ஏத்துக்கிச்சு. இந்தியாவுக்கு 2028-ல இந்தக் கேஸ்களோட உபயோகத்துக்கு உச்சவரம்பு, 2032-ல 10 சதவீதம்தான் குறைக்கணும், 85 சதவீதம் குறைக்க 2047 ஆகும். கணக்கு கிலோவுல இல்ல, பூமியை எவ்வளவு சூடாக்குதுங்கறதுல. கார்பன் டை ஆக்சைடை 1-னு வெச்சா, ஆர்-410ஏ-ங்கற இன்னொரு ஏசி கேஸுக்கு 2,088, ஆர்-32-க்கு 675. அதனால கடையில பழைய ஸ்டாக் 410ஏ-வைத் தலைல கட்டப் பாத்தா வாங்காதீங்க. இன்னிக்கு வாங்கற ஆர்-32 மெஷின் அதோட ஆயுசுக்கு ஓடும்.

ஸ்ரீரங்கம்வாசி:

மதுரை நண்பர் சொன்ன இடத்திலேயே இருந்தது. இண்டோரின் பின்னால் பைப் மேல் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தால் கறுப்பாக ஒரு பிசுக்கு. வேறொரு மெக்கானிக்கை வரவழைத்தோம். சோப்பு நுரை தடவினார். சிறிய நட்டின் ஓரத்தில் கடுகளவு குமிழி ஒன்று வந்து, உடைந்து, மறுபடி வந்தது. மூன்று வருடமாக நான் காசு கொடுத்து நிரப்பியதெல்லாம் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது.

ஃப்ளேர் புதிதாக அடித்து, நைட்ரஜன் ஏற்றி, ராத்திரி முழுக்க கேஜை மாட்டியே வைத்துவிட்டுப் போனார். காலையில் முள் அசையவில்லை. வேக்யூம் இழுத்தபின் ஆர்-22 சிலிண்டரைத் தராசில் வைத்துத்தான் நிரப்பினார், சரியாக 1,050 கிராம். 3,500-ஐவிடக் கூடுதலாகவே ஆனது, கொடுத்துவிட்டேன். காயிலில் லீக் வந்தால் மாற்றிவிடுவது என்று வீட்டில் பேசி முடிவு செய்திருக்கிறோம். அன்றைக்கு பம்ப் டவுன் செய்யத் தெரிந்தவரைத்தான் கூப்பிடுவேன். இவர் நம்பரை ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவைத்திருக்கிறேன்.

நேற்று அம்மா போர்வை கேட்டார்.