அசையும் இணைப்புக்குக் கிளெவிஸ் பின்னா, போல்ட் நட்டா?

அச்சாணி: 12 மி.மீ. துளையுள்ள ஃபோர்க் (இரண்டு காதுள்ள கவை), நடுவே லீவரின் கண் (துளையுள்ள முனை). இவற்றைக் கோத்திருப்பது கிளெவிஸ் பின், அதாவது ஒரு முனையில் தலையும் மறுமுனையில் பூட்டுக்கம்பித் துளையும் உள்ள ஆணி. அதை எடுத்துவிட்டு எம்12 (12 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டும் நைலாக் நட்டும் (கழலாதிருக்க நைலான் வளையம் பதித்தது) போடலாம் என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். கூடாது என்பேன். கிளெவிஸ் பின்னின் உடல் முழுக்க வழவழப்பு. காதும் கண்ணும் சந்தித்து வெட்டுவிசை விழும் இரண்டு இடத்திலும் 113 சதுர மி.மீ. எஃகு நிற்கும். முழுமரை போல்ட்டில் மரையின் அடிவிட்டம் சுமார் 9.85 மி.மீ.தான், பரப்பு 76க்கு இறங்கிவிடும். போதாக்குறைக்கு மரை முனைகள் துளையை அரம்போல ராவும்.

மரைதிருகி: முழுமரை போட்டது போட்டவர் தவறு சார், போல்ட்டின் குற்றமில்லை. பாதிமரை எடுங்கள். மரையில்லாத பகுதி இரண்டாவது காதையும் தாண்டட்டும், மிச்சத்துக்கு வாஷர். அதே 113 கிடைக்கும்.

அச்சாணி: சரி, நட்டை எவ்வளவு இறுக்குவீர்கள்? இறுக்கினால் காதுகள் உள்வாங்கிக் கண்ணைக் கவ்வும், லீவர் திரும்பாது. தளர்வாக விட்டால் லீவர் திரும்பும்போதெல்லாம் போல்ட்டும் கூடவே திரும்பப் பார்க்கும். நைலான் வளையம் ஒன்றுதான் காவல். சூடான இடத்தில் அதுவும் இளகும்.

மரைதிருகி: அதற்குத்தான் ஸ்லீவ், போல்ட்டின்மேல் மாட்டும் குழாய். கண்ணின் தடிமனைவிட 0.2 மி.மீ. நீளமாக ஒன்று போட்டால் நட்டை முழுசாக இறுக்கலாம். காதுகள் ஸ்லீவைக் கவ்வும், கண் அதன்மேல் சுற்றும், காதுத் துளை தேயாது. உங்கள் கிளெவிஸ் பின்னோ காதிலும் சுற்றும், கண்ணிலும் சுற்றும். கடைசியில் மூன்று துளையும் முட்டை வடிவம்!

அச்சாணி: தேய்மானம் பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் இந்தக் கண்ணின் துளையும் 12தான், ஸ்லீவ் எங்கே நுழையும்? 16க்குப் பெரிதாக்கினால் கண்ணின் சுவர் தாங்குமா என்று முதலில் அளக்க வேண்டும்.

கவைக்கோல்: கிளெவிஸ் பின் கழலாமல் அதன் குறுக்குத் துளையில் செருகி மடிக்கும் இரட்டைக்கால் கம்பியான ஸ்ப்ளிட் பின்னை இருவருமே விட்டுவிட்டீர்கள். கிளெவிஸ் பின்னுக்கான ஐஎஸ்ஓ 2341 தரத்தின்படி 12 மி.மீ. பின்னுக்கு அந்தத் துளை 3.2 மி.மீ. அதில் 2 மி.மீ. கம்பியைச் செருகினால் ஆடி ஆடி அறுந்துவிடும். வாஷர் போட்டு, கால்களை விரித்துப் பின்னை ஒட்டி மடியுங்கள். கழற்றியதை நிமிர்த்தி மறுபடி போடாதீர்கள், மடிப்பில் விரிசல் விடும். கிளெவிஸ் பின் செங்குத்தாக நின்றால் அதன் தலை மேலே இருக்கட்டும்; கம்பி போனாலும் அது உடனே விழாது.

மரைதிருகி: கண்ணின் சுவர் மெலிந்திருந்தால் கிளெவிஸ் பின்னையே போடுங்கள், ஒப்புக்கொள்கிறேன். தினமும் கழற்றுகிற இணைப்பென்றால் ஸ்ப்ளிட் பின்னுக்குப் பதில் ஆர் கிளிப் (R வடிவ ஸ்பிரிங் கம்பி). மற்ற இடத்தில் என் ஓட்டு ஸ்லீவுக்குத்தான்.