சமுதாய வானொலிக்கு டிஜே தொகுப்பு: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். எங்கள் ஊர்க் கலைஞர்களின் பறை, உறுமி, நாகஸ்வர இசையை நேரில் பதிவுசெய்து, மின்னணுத் தாளத்தோடு இணைத்து ஒரு மணி நேர டிஜே தொகுப்பாக்கியிருக்கிறேன். வானொலியில் ஒலிக்க வேண்டும் என்று ஆசை. தனியார் பண்பலை நிலையம் ஒன்றில் கேட்டேன். திரைப்பாடல் தொகுப்பு இல்லையா என்ற ஒரே கேள்வியோடு பேச்சு முடிந்துவிட்டது.

ஆகவே சமுதாய வானொலிகளை அணுக எண்ணுகிறேன். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்களிப்போடு உருவாக வேண்டும் என்பது அவற்றுக்கான விதி. என் தொகுப்பு அதற்குப் பொருந்தும். அண்ணா பல்கலைக்கழகம் 2004இல் தொடங்கிய அண்ணா எஃப்.எம். போன்ற வளாக நிலையங்கள் வெளியாள் நிகழ்ச்சியை ஏற்குமா? அங்கே யாரிடம் பேசுவது?

பெரிய குழப்பம் உரிமைதான். இறுதிப் பகுதியில் இரண்டு பழைய திரைப்பாடல்களை வெட்டிச் சேர்த்திருக்கிறேன். பதிப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவு, கட்டணம் செலுத்திப் பாடலை ஒலிபரப்ப நிலையங்களுக்கு வழி தருகிறது. ஆனால் ஒலிபரப்பு வசதிக்காகச் சுருக்குவது போன்றவை தவிர, புதிய மாற்றம் எதற்கும் உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. வேகத்தைக் கூட்டித் தாளம் சேர்ப்பது மாற்றம்தானே? அப்பகுதியை நீக்க மனம் வரவில்லை. அங்கேதான் ஆட்டம் சூடுபிடிக்கிறது!

கலைஞர்களுக்குப் பணம் கொடுத்துவிட்டேன். எழுத்தில் ஒப்புதல் வாங்க மாதிரிப் படிவம் இருந்தால் பகிருங்கள். நிலையத்துக்கு முழுத் தொகுப்பை அனுப்புவதா, பத்து நிமிட மாதிரி போதுமா? இடையிடையே அறிமுகப் பேச்சு எதிர்பார்ப்பார்களா?